ழான் விகோவும் சமுதாய சினிமாவும்

பிரெஞ்சு நெறியாளர் ழான் விகோ 1934ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 5ஆந் திகதி பாரிஸ் நகரிற் காலமானபோது அவருக்கு வயது 29. அவர் ஆக்கியளித்தவை நான்கே படங்கள். நான்கையுஞ் சேர்த்து ஒரே மாலைப்பொழுதிற் பார்த்துவிடலாம். மூன்று மணித்தியாலங்கூடச் செல்லாது. அந்நான்கினுள் ஒன்றை அரசாங்கந் தடைசெய்தது. மற்றொன்றை அதன் சொந்தக் கம்பனியே வெட்டிக் குறைத்து, பெயரையும் மாற்றி வெளியிட்டது. இவ்வளவு குறைந்த ஆக்கங்களை விட்டுச்சென்ற ஒருவர் உலக சினிமா வரலாற்றில் இத்துணை நிலையான இடம்பெற்றமைக்கு வேறு உதாரணங் காட்டுவது அரிது.

விகோவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு சாராராய் இருக்கக் காண்கிறோம். ஒரு சாரார் அவரைச் ‘சினிமாக் கவிஞர்’ என்று போற்றுவர். நோயாலே சிறுவயதில் மாண்ட ஒரு மென்மையான கனவு காண்பவர் என்பதே அவர்கள் தீட்டும் சித்திரம். மறு சாரார் நம்மவர், முற்போக்கு நோக்குடையவர். முதற்படத்தில் பணக்காரரைச் சாடியதையும் மூன்றாம் படத்தில் பாடசாலை அதிகாரத்தைச் சாடியதையும் மெச்சிவிட்டு, இறுதிப் படம் வெறுங் காதற்கதை, போராட்டத்திலிருந்து விலகிய பின்வாங்கல் என்று முடிவுகட்டுவர். இரு சாராரும் தம்மையறியாமலே ஓரிடத்தில் உடன்படுகின்றனர். கவித்துவம் ஒரு பெட்டியில், சமுதாயம் ஒரு பெட்டியில் என்ற பிரிவினையை இருவருமே ஏற்றுக்கொள்கின்றனர். விகோ அதை ஏற்கவில்லை. ஒரு படத்தின் சமுதாய நோக்கு அது எடுத்துக்கொண்ட பொருளோடு முடிந்துவிடுவதில்லை. கமரா யாருக்கு அருகே, எத்துணை நெருக்கத்தில் நிற்கிறது என்பதிலேயே அது பெரிதுந் தங்கியுள்ளது. விகோவின் நான்கு ஆண்டுகால வளர்ச்சியை இவ்வளவுகோல் கொண்டு நோக்கினால் இறுதிப் படத்திற் பின்வாங்கல் எதுவுமில்லை என்பது புலனாகும்.

அவரது பிறப்பும் இளமையும் இவ்விடத்திற் கூறப்பட வேண்டியவை. தந்தையார் மிகெல் அல்மெரேடா என்ற புனைபெயரால் அறியப்பட்ட அராஜகவாதப் பத்திரிகாசிரியர். 1905 ஏப்ரலில் மகன் பிறந்தபோது பெற்றோர் பாரிஸில் வறுமையோடும் பொலிசாரோடும் போராடிக்கொண்டிருந்தனர். இராணுவவாதத்தை எதிர்த்த ‘சமுதாயப் போர்’ என்ற பத்திரிகையின் முன்னணி எழுத்தாளராகவும், பின்னர் ‘சிவப்புத் தொப்பி’ என்ற பத்திரிகையின் ஆசிரியராகவும் அல்மெரேடா விளங்கினார். முதலாம் உலகப் போரின்போது, 1917இல், அப்பத்திரிகையின் நிருவாகியிடம் பகைநாட்டுத் தொடர்புடைய காசோலையொன்று அகப்பட்டது. அதைத் தொடர்ந்த கைதுகளில் அல்மெரேடாவும் சிறைப்பட்டார். சில நாட்களில், ஆகஸ்ட் மாதத்தில், பிரேன் சிறையிலே கழுத்து நெரிபட்டு இறந்து கிடந்தார். சப்பாத்துக் கயிறே அதற்குப் பயன்பட்டதென்றனர். தற்கொலை என்று அரசாங்கஞ் சொல்லிற்று. அதை நம்பியோர் அன்றுஞ் சிலரே, இன்றுஞ் சிலரே.

மகனுக்கு அப்போது வயது 12. துரோகியின் மகன் என்ற பழி தொடராதிருக்கும் பொருட்டு, ழான் சால் என்ற வேறு பெயரில் தென்பிரான்சிலுள்ள மீயோ என்னும் சிற்றூரின் விடுதிப் பாடசாலையொன்றிற் சேர்க்கப்பட்டான். தன் பெயரையே மறைத்து வாழ்ந்த ஒரு சிறுவன், நூறு கட்டில்களிடையே ஒரு கட்டிலில் உறங்கி, மணியடிக்க எழுந்து, வரிசையில் நின்று வளர்ந்தான். பிற்காலத்தில் தந்தையின் பெயருக்கேற்பட்ட களங்கத்தைத் துடைக்க விகோ ஆவணங்களைத் தேடித் திரிந்தார் என அவரது வரலாற்றை 1957இல் நூலாக்கிய பிரேசில் நாட்டு விமர்சகர் பவுலோ எமீலியோ சாலெஸ் கோமெஸ் எடுத்துரைக்கிறார். நோய் அவரை இளமையிலேயே பற்றிக்கொண்டது. பிரெனீஸ் மலைப்பகுதிச் சுகவனத்திற் சந்தித்த லிதூ என்ற போலந்துப் பெண்ணை 1929இல் மணந்து, நல்ல காற்றை வேண்டித் தென்கடற்கரை நகராகிய நீஸிற் குடியேறினார். மாமனார் தந்த பணத்திலே பழைய கமரா ஒன்றை வாங்கினார். சினிமா வாழ்வு அங்கே தொடங்குகிறது.

1930இல் வெளிவந்த ‘நீஸ் நகரைப் பற்றி’ பேச்சில்லாப் படம். அரைமணி நேரத்துக்குங் குறைந்தது. ஒளிப்பதிவாளர் பொறிஸ் கௌப்மன், சோவியத் நெறியாளர் ஸீகா வேர்ட்டோவின் உடன்பிறந்தவர். கடலோர உலாவீதியிலே கதிரைகளிற் சாய்ந்து வெயில் காயும் செல்வர்கள், அவர்தம் நாய்கள், அவர்களுக்காக மேசை துடைக்கும் பணியாளர், கூட்டிப் பெருக்குவோர், சூதாட்ட மண்டபம், திருவிழாவிற் பவனிவரும் பொம்மைத் தலைகள், கல்லறைச் சிலைகள், புகை கக்கும் ஆலைக் குழாய்கள் எனக் காட்சிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. உலாவீதியில் இருப்போர் அறியாதவாறு படம்பிடிப்பதற்காக நோயாளிகளைத் தள்ளிச்செல்லும் சக்கர நாற்காலியிற் கௌப்மன் அமர்ந்து, கமராவை மறைத்து வைத்திருந்தார். வெயிலிற் கிடக்கும் கனவான்களை அடுத்து முதலைகள் தோன்றுகின்றன. செருக்குடன் நடக்கும் சீமாட்டியை அடுத்துத் தீக்கோழி தோன்றுகிறது.

அவ்வாண்டு ஜூனில் பாரிஸில் இப்படத்தைக் காட்டுமுன் விகோ ஆற்றிய உரை இன்றும் பயிலத்தக்கது. சமுதாய சினிமாவை நோக்கிச் செல்வோம் என்பதே அதன் பொருள். தாம் வேண்டுவது வெறுஞ் செய்திப்படமன்று, எடுப்பவரின் நோக்குநிலை தெளிவாக வெளிப்படும் ஆவணமே என்றார். ஒரு மனிதனின் தற்செயலான சைகைக்குப் பின்னாலுள்ள மறைவான காரணத்தைக் கமரா வெளிக்கொணர வேண்டும் என்றும் வற்புறுத்தினார். ‘பக்கஞ் சாராத கலை’ என்று வாதிடுவோருக்கு 25 வயது இளைஞர் அன்றே கூறிய மறுமொழி இது. அவ்வுரையில் அவர் நீண்ட நேரம் புகழ்ந்து பேசியது லூயிஸ் புனுவெலின் ‘அந்தலூசிய நாய்’ என்ற கனவுத்தன்மை மிக்க படத்தை என்பதையும் நம்மவர் கவனிக்க வேண்டும். தொழிற்சாலையைக் காட்டினாற்றான் சமுதாயப் படம் என்று அவர் கருதவில்லை.

ஆயினும் இம்முதற்படத்தை நாம் மிகைப்படப் புகழ வேண்டியதில்லை. தீக்கோழியும் முதலையும் இளைஞரின் எள்ளல். முதன்முறை சிரிக்கிறோம், இரண்டாம் முறை அவ்வளவாக இல்லை. திருவிழா நடனப் பெண்கள் திரும்பத் திரும்ப வந்து அலுப்பூட்டுகின்றனர். இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. பழைய நகரின் ஒடுங்கிய சந்துகளுக்குள், காயும் துணிகளுக்குக் கீழே, ஏழைச் சிறுவர்களிடம் கமரா செல்கிறது. ஆனால் விரைவிலே திரும்பிவிடுகிறது. செல்வரின் அசிங்கத்தை எடுத்துக்காட்டும் எதிர்நிறமாகவே ஏழைகள் பயன்படுகின்றனர். வெறுப்பதற்குரியவர்களை இப்படம் நன்கறியும்; நேசிப்பதற்குரியவர்களை இன்னும் அறியாது. அடுத்த ஆண்டு கோமோன் கம்பனிக்காக எடுத்த நீச்சல்வீரர் தாரிஸ் பற்றிய சிறுபடத்தைப் பற்றி அதிகஞ் சொல்வதற்கில்லை. நீரின் கீழே மனித உடல் எவ்வாறு தோன்றும் என்பதை விகோ அதிற் கற்றுக்கொண்டார். அக்கல்வி பின்னர் உதவிற்று.

மூன்றாவது படமாகிய ‘நடத்தைக்குப் பூச்சியம்’ ஆசிரியர்களாகிய நம்மைப் பற்றியது. நன்னடத்தைக்குப் பூச்சியம் பெறும் மாணவன் ஞாயிறன்று வீடு செல்ல முடியாது. பாடசாலையிலே மறியலிருக்க வேண்டும். இத்தண்டனையே படத்தின் பெயராயிற்று. நூனேஸ் என்ற வணிகரின் பணத்தில், 1932ஆம் ஆண்டின் இறுதியிலும் 1933 ஜனவரியிலுமாக மிக அவசரமாக எடுக்கப்பட்டது. பணமுங் காலமும் போதாமையாற் பல காட்சிகள் கைவிடப்பட்டன. ஒலிப்பதிவு மோசமானது, சிறுவர் பேசுவதிற் பாதி விளங்காது. கதை ஆங்காங்கே தாவுகிறது. இவ்வளவு குறைகளோடுங் கூடிய முக்கால் மணி நேரப் படம், பாடசாலை பற்றி எடுக்கப்பட்ட வேறெந்தப் படத்தையும்விட உண்மையானது என்று நாம் துணிந்து கூறுவோம்.

விடுமுறை முடிந்து சிறுவர்கள் புகையிரதத்திற் பாடசாலைக்குத் திரும்புகின்றனர். கோசா, கொலன், புருவெல் என்ற மூவர் கலகஞ் செய்யத் திட்டமிடுகின்றனர். தபார் என்ற மென்மையான சிறுவன் பின்னர் இணைந்து தலைமை ஏற்கிறான். மீயோவிலும் ஷார்த்ர் நகரப் பாடசாலையிலும் விகோவோடு படித்த தோழர்களின் சாயல் இவர்களிற் படிந்துள்ளது, தபார் விகோவேதான். அதிபராக வருபவர் தாடி வளர்த்த ஒரு குள்ளர். தமது தொப்பியை உயரத்தில் வைப்பதற்கே சிரமப்படுகிறார். பேசுவதோ அரசனைப் போல. இதைக் கேலிச்சித்திரம் என்று மட்டும் கொண்டாற் போதாது. பெரியோர் உலகத்தைச் சிறுவர் எவ்வாறு அளக்கின்றனர் என்பதை, ஒரு விளக்கமுங் கூறாமல், உருவத்தாலேயே காட்டிவிடுகிறார் விகோ. மேற்பார்வையாளர் ஒருவர் சிறுவர் இல்லாத வேளையில் அவர்களுடைய பொருட்களைத் துழாவித் தின்பண்டங்களைத் திருடுகிறார். பருத்த ஆசிரியர் ஒருவர் தபாரின் கையை வேண்டாத வகையில் வருடுகிறார். சிறுவன் கையை இழுத்துக்கொண்டு, அச்சிலேற்றத் தகாத ஒரு சொல்லை அவர் முகத்தில் எறிகிறான். மன்னிப்புக் கேட்குமாறு அதிபர் முன் நிறுத்தப்படும்போதும் அதே சொல்லையே கூறுகிறான். அல்மெரேடா என்ற புனைபெயரின் எழுத்துக்களை மாற்றியடுக்கினால் அச்சொல்லே வெளிப்படும் என்பதறிந்தோர்க்கு, தந்தைக்கு மகன் செலுத்திய அஞ்சலி எதுவெனச் சொல்லத் தேவையில்லை.

இப்படத்தில் எல்லோரும் நினைவுகூர்வது தலையணைப் போர். துயிற்கூடத்திலே சிறுவர்கள் தலையணைகளைக் கிழிக்க, இறகுகள் பனிபோற் பொழிகின்றன. காட்சி திடீரென மெதுவாகிறது. வெண்ணிற இரவுடையணிந்த சிறுவர்கள் கோயில் ஊர்வலம்போல நடந்துவருகின்றனர். இசையமைப்பாளர் மொறிஸ் ஜோபேர் இக்காட்சிக்கான இசையைத் தலைகீழாக எழுதி வாசிக்கச்செய்து, பதிவான ஒலியை மீண்டும் பின்புறமாக ஓடவிட்டார். மெட்டு நேராகவே கேட்கிறது. ஒவ்வொரு சுரமும் மட்டும் இறுதியிலிருந்து தொடக்கத்திற்குச் செல்வதுபோல ஒலிக்கிறது. தொழில்நுட்ப விளையாட்டு என்று இதை ஒதுக்குவோர் உளர். ஒழுங்கின்மை என்று அதிகாரம் பெயரிட்ட ஒன்றினுள்ளே சிறுவர்க்கு மட்டுமே புலனாகும் ஓர் ஒழுங்கும் புனிதமும் இருப்பதைக் காட்ட வேறு வழி எதுவென்று அவர்களைக் கேட்கிறோம்.

எனினும் நமக்கு இதைவிட அருமையாகப் படுவது வேறொரு சிறு காட்சி. நாள்தோறும் அவரையே உணவாகக் கிடைப்பதைக் கண்டித்து உணவுக்கூடத்திற் கலகம் மூளுகிறது. சமையற்காரியைப் பெயர்சொல்லித் தூற்றிக் கத்துகின்றனர். அவள் கொலனின் தாய். கூச்சலின் நடுவே கொலன் தலைகுனிந்திருப்பதைத் தோழர்கள் காண்கின்றனர், கூச்சல் தணிகிறது. அவளுந் தரப்பட்டதைச் சமைக்கும் ஓர் ஊழியப்பெண் என்பதை எவரும் எடுத்துரைக்கவில்லை. யார் பகைவர், யார் தம்மவர் என்பதைச் சிறுவர்கள் ஒரு தோழனின் முகத்திலிருந்து கற்றுக்கொள்கின்றனர். வர்க்க ஒற்றுமை பற்றிப் பக்கம் பக்கமாக உரையாடல் எழுதும் நம் நாடகாசிரியர்கள் இக்காட்சியை ஒருதரம் பார்ப்பது நல்லது.

இனி நமக்குச் சங்கடந் தரும் பாத்திரத்துக்கு வருவோம். உகே என்ற இளம் மேற்பார்வையாளர் சிறுவரின் நண்பர். சாப்பிளினைப் போல நடந்துகாட்டுகிறார். வகுப்பறையில் தலைகீழாக நின்று சித்திரம் வரைகிறார். உலாவ அழைத்துச்செல்கையில் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து சென்று, மாணவர் வேறு வழியே போய்விட்டதையும் அறியாதிருக்கிறார். ஆசிரியர் பலர் தம்மை உகேயாக எண்ணி மகிழ்வதுண்டு. ஆனால் கலகத்தைத் திட்டமிட்டது உகே அல்ல, நடத்தியதும் அவரல்ல. விழாநாளன்று, பிரமுகர்களும் அவர்களுக்குப் பின்னே வைக்கோற் பொம்மைகளும் வரிசையாய் அமர்ந்திருக்க, நான்கு சிறுவர்கள் கூரையேறிக் கொடியுயர்த்திப் பழஞ் சப்பாத்துக்களையும் தகரங்களையும் வீசுகின்றனர். உகே கீழே நின்று கையசைத்து உற்சாகப்படுத்துகிறார். அவரது எல்லை அதுவே. மாணவர்மேல் அன்பு கொண்டிருப்பதும் அவர்கள் வாழும் முறையை மாற்றுவதும் ஒன்றல்ல என்பதை, உகேயை இழிவுபடுத்தாமலே இப்படம் உணர்த்துகிறது. முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் ஆசிரியர்களிற் பெரும்பாலோர் உகே நிற்கும் இடத்திலேயே நிற்கிறோம்.

கூரைமேல் ஏறியவர்கள் எங்கே போகின்றனர் என்ற வினா நியாயமானது. படத்தில் அதற்கு விடையில்லை. நான்கு சிறுவரும் கூரையின் முகட்டிலே வானத்தை நோக்கி ஏறுவதோடு கதை முடிகிறது. தந்தையிடமிருந்து மகன் பெற்ற அராஜகவாதத்தின் பலவீனம் இது என்று சிலர் கூறுவதிற் பொருளுண்டு. வெறுங் கலகம் நிறுவனத்தை மாற்றிவிடாது. ஆனாற் பதினொரு வயதுப் பிள்ளைகளிடம் வேலைத்திட்டங் கேட்பவர் அந்தக் குள்ள அதிபரின் கதிரைக்கு மிக அண்மையிலே இருக்கிறார் என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

1933 ஏப்ரலில் இப்படம் முதன்முறை காட்டப்பட்டது. அதே ஆண்டிலே தணிக்கைச் சபை இதனை முற்றாகத் தடைசெய்தது. 1945 வரை, அதாவது விகோ இறந்து பதினொரு ஆண்டுகள் கழியும்வரை, தடை நீடித்தது. பாராளுமன்றத்தையோ படையையோ முதலாளிகளையோ தாக்காத, தலையணைகளைக் கிழித்த ஒரு படத்துக்கு இத்தடை. அதிகாரம் முதன்முதலில் எங்கே பயிற்றப்படுகிறது என்பதைத் தணிக்கையாளர் விமர்சகரைவிட நன்கு அறிந்திருந்தனர் போலும்.

தடைக்குப் பின்னரும் நூனேஸ் விகோவைக் கைவிடவில்லை என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இம்முறை ஆபத்தில்லாத கதையொன்றைத் தேர்ந்து கொடுத்தார். சரக்குப் படகோட்டி ஒருவன் கிராமத்துப் பெண்ணை மணக்கிறான். படகு வாழ்வு அலுத்து அவள் பாரிஸைக் காண ஓடுகிறாள். பின்னர் திரும்பி வருகிறாள். சாதாரணக் கதை. படகின் பெயரே படத்தின் பெயருமாயிற்று: ‘அத்தலாந்த்’. கோமோன் கம்பனி ஆதரவளித்தது. 1933 நவம்பர் தொடக்கம் கடுங்குளிர் காலத்திலே, உறையும் கால்வாய்களின் மேல், காய்ச்சலோடு நின்று விகோ இதை எடுத்தார்.

பின்வாங்கல் என்று கூறுவோர் இப்படத்திலே மனிதர் எவ்வாறு உழைக்கின்றனர் என்பதை உற்றுநோக்கியதில்லை. திருமண ஊர்வலம் கோயிலிலிருந்து நேரே கால்வாய்க்கரைக்கு வருகிறது. விருந்துக்கு நேரமில்லை, சரக்கு காத்திருக்கிறது. மணப்பெண் ஜூலியட் வெண்ணிற உடையோடு பாரந்தூக்கும் மரத்தின் உதவியாற் படகில் இறக்கப்படுகிறாள். இருள்கின்ற வேளையிற் படகின் மேற்றளத்திலே தனியே நடக்கும் அவ்வெண்ணுருவம் மறக்கொணாதது. மறுநாள் அவள் கண்டுபிடிப்பது அலுமாரி நிறைந்த அழுக்குத் துணி. காதலரின் தனியுலகம் என எண்ணத்தக்க அப்படகு ஒரு கம்பனியின் உடைமை. மனைவியைப் பிரிந்த துயராற் படகோட்டி ழான் வேலையைக் கவனியாதிருக்கும்போது, துறைமுக அலுவலகத்திலிருந்து உடனே விசாரணை வருகிறது. முதிய மாலுமி ஜூல் அவனுக்காகப் பரிந்து பேச நேர்கிறது. பாரிஸில் ஜூலியட் கண்ணாடிக்குப் பின்னாலுள்ள கடைப்பொருட்களைப் பார்த்து வியக்கிறாள். சிறிது நேரத்தில் மெலிந்த ஒருவன் அவளுடைய கைப்பையைப் பறித்தோட, கூட்டம் அவனைப் பிடித்து அடிக்கிறது. அவள் வேலை தேடிச் செல்லுமிடத்தில் வேலையற்றோரே நிற்கின்றனர். இவை சில கணங்களே வருகின்றன, எவரும் உரையாற்றுவதில்லை. உலகப் பொருளாதார நெருக்கடி பிரான்சைப் பற்றிய ஆண்டுகள் அவை. நீஸ் படத்தில் ஏழைகளை எட்டிப் பார்த்துத் திரும்பிய கமரா, இங்கே இடுங்கிய படகறைக்குள் அவர்களோடு குடியிருக்கிறது.

மிஷேல் சிமோன் நடித்த ஜூல் என்ற கிழவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். பூனைகளும் பொம்மைகளும் உலகெங்கும் பொறுக்கிய குப்பைகளும் நிறைந்த அவருடைய அறையில், இறந்த நண்பனின் கைகள் சாடியொன்றிலே பேணப்பட்டிருக்கின்றன. உடம்பெங்கும் பச்சை குத்திய, பண்படாத அம்மனிதரே இறுதியில் ஜூலியட்டைத் தேடிக் கண்டுபிடித்துத் தோளிற் சுமந்து வருகிறார். நீரினுள்ளே நோக்கினால் அன்புக்குரியவரின் முகந் தெரியும் என்று ஜூலியட் முன்னர் சொல்லியிருந்தாள். துயருற்ற ழான் கால்வாய்க்குட் பாய்ந்து கண்விழித்துத் தேடுகிறான். மணவாடையில் அவள் மிதந்து சிரிக்கிறாள். தாரிஸ் படத்திற் கற்றது இங்கே கைகொடுத்தது. ஏழைத் தொழிலாளி ஒருவனின் காதலுக்கு, அரசகுமாரர் கதைகளுக்கே உரியதென எண்ணப்பட்ட உன்னதத்தை வழங்குவது சமுதாய நோக்கு அன்றெனில், அச்சொல்லுக்கு நாம் மிகக் குறுகிய பொருளையே வைத்திருக்கிறோம்.

1934 ஏப்ரலிற் படமாளிகை உரிமையாளர்களுக்குக் காட்டியபோது அவர்கள் விரும்பவில்லை. விகோ படுக்கையிற் கிடந்தார். ஜோபேரின் இசை குறைக்கப்பட்டது, அக்காலத்திற் புகழ்பெற்றிருந்த ‘கடந்து செல்லும் படகு’ என்ற மெல்லிசைப் பாடல் உள்ளே செருகப்பட்டது, காட்சிகள் வெட்டப்பட்டன, பாடலின் பெயரே படத்துக்குஞ் சூட்டப்பட்டது. செப்டெம்பரில் வெளியாகிச் சில வாரங்களிலே திரையிலிருந்து அகன்றது. ஒரு படத்தை அரசும் மற்றொன்றைச் சந்தையும் இவ்வாறு கையாண்டன. தடைசெய்யப்பட்ட படம் பெட்டிக்குள் முழுமையாக இருந்தது. சந்தைக்கு வந்த படமே சிதைந்தது. ‘அத்தலாந்த்’ தன் பழைய உருவை ஓரளவுக்கு மீண்டும் பெற 1990 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று; அவ்வாண்டின் சீரமைப்புக்கு லண்டன் ஆவணக்காப்பகத்திற் கிடைத்த பிரதியொன்று பெரிதும் உதவிற்று.

விகோவோடு பணியாற்றிய ஜோபேர் 1940இற் போர்க்களத்தில் மாண்டார். கௌப்மன் அமெரிக்கா சென்று, 1954இல் வெளிவந்த ‘துறைமுகத்தில்’ என்ற படத்தின் ஒளிப்பதிவுக்காக ஒஸ்கார் பரிசு பெற்றார். பிரான்சிலே 1951 தொடக்கம் விகோ பெயரில் இளம் நெறியாளர்க்குப் பரிசு வழங்கப்படுகிறது. த்ரூபோவின் ‘நானூறு அடிகள்’ 1959இல் வந்தபோது, உடற்பயிற்சி ஆசிரியரின் பின்னே தெருவில் ஓடும் மாணவர் வரிசை ஒவ்வொருவராய் நழுவிக் கரையும் காட்சியிலே உகேயின் உலாவைப் பலர் இனங்கண்டனர். 1968இல் ஆங்கிலேய நெறியாளர் லின்ஸே அண்டர்சன் ‘இப்’ என்ற படத்தில் அதே கூரைக்கு மாணவரை ஏற்றினார். அவர்கள் கையிற் பழஞ் சப்பாத்துக்களுக்குப் பதிலாகத் துப்பாக்கிகள் இருந்தன. அப்படத்தின் சீற்றத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அங்கே கொலனின் தாயை நினைத்துக் கூச்சலை நிறுத்தும் சிறுவர் எவரையும் நாம் காணவில்லை.